பலாமரத்து நம்பர்

கண்ணுசாமியைத் தேடி போலீஸ் வரவில்லை. ஜீப் வரவில்லை. ஒரு சைக்கிள்கூட வரவில்லை. ஆனாலும் அவன் காட்டுக்குள் ஓடி ஒளிந்து நாலு நாள் ஆகிவிட்டது.

வந்தது ஒரு தபால் மட்டும்தான்.

வெள்ளிமலையிலிருந்து தபால்காரர் அதைக் கண்ணுசாமியின் ஊரான பலாப்பாறை வரைக்கும் கொண்டுவந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, படித்தும் காட்டினார். ‘கண்ணு மெட்டல் டிரேடர்ஸ்’ என்ற கம்பெனியின் முதலாளி கண்ணுசாமி. பழைய இரும்பு வாங்கி விற்ற வகையில் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய ஜி.எஸ்.டி. வரி ஒரு கோடியே சொச்சம். குறித்த தேதிக்குள் விளக்கம் தராவிட்டால் சொத்து பறிமுதல், மேல் நடவடிக்கை.

டீக்கடை மூக்கன்தான் முதலில் வெடித்துச் சிரித்தான்.

“இன்னாடா கண்ணு! கோடிக்கணக்குல யாவாரம் பண்ணிக்கினு எங்கிட்ட டீக்குக் கடன் சொல்ற?”

கடை மொத்தமும் சிரித்தது. கண்ணுசாமியிடம் இருந்த இரும்பு எல்லாருக்கும் தெரியும். ஒரு கொடுவாள், ஒரு களைக்கொத்து, கன்றுக்குட்டி கட்டுகிற முளை. மிச்சமெல்லாம் மண். ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளி, இன்னொரு துண்டில் சாமை.

கண்ணுசாமி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வீட்டுக்குப் போனான். கம்பளியை எடுத்தான். கொடுவாளை எடுத்தான். அடுப்படியிலிருந்த ராணியம்மாள் திரும்பிப் பார்ப்பதற்குள் வேலியைத் தாண்டிவிட்டான்.

“இந்தாய்யா! எங்க போற?”

“பேரு அழிஞ்சா வரேன். இல்லாங்காட்டி வரமாட்டேன்.”

அவ்வளவுதான். புதர் அசைந்தது, ஆள் இல்லை.

ராணியம்மாளுக்குப் புருஷன் பயம் புரியாமல் இல்லை. அவனுடைய அண்ணன் பூமாலை, வருஷங்களுக்கு முன்னால், நல்ல கூலி என்று யாரோ சொன்னதை நம்பி மாநில எல்லை தாண்டி மரம் வெட்டப் போனான். அங்கே ஏதோ ஒரு தாளில் அவன் பேர் ஏறியது. அந்தப் பேரை இறக்குவதற்குள் அவன் ஜெயிலிலேயே தலை நரைத்துவிட்டான். அதிலிருந்து கண்ணுசாமிக்கு ஒரே கணக்கு. தாளில் பேர் ஏறினால் ஆள் காலி.

தினமும் பொழுது சாய்வதற்குள் அவள் ஊருக்கு மேலே காட்டோரம் இருக்கிற கரடிப்பாறை இடுக்கில் தூக்குவாளி நிறையக் களியும் குழம்பும் வைத்துவிட்டு வருவாள். காலையில் போனால் வாளி காலி, கழுவிக் கவிழ்த்தும் இருக்கும். ஆள் உயிரோடு இருக்கிறான், சொன்ன பேச்சும் கேட்கிறான் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் பாதிதான் காலியாகியிருந்தது.

நாலாம் நாள் வைத்தது வைத்தபடி இருந்தது.

பாறை மேலிருந்து அவள் காது கொடுத்துக் கேட்டாள். தூறலுக்கு நடுவே, புதருக்குள்ளிருந்து ஒரு சத்தம். யாரோ உடைந்த புல்லாங்குழல் ஊதுகிற மாதிரி. அவனுக்கு இளைப்பு வந்துவிட்டது. ஈரத்தில் நாலு நாள் கிடந்தால் வராமல் என்ன செய்யும்? உறிஞ்சுகிற மருந்தை அவன் வீட்டு மாடத்திலேயே விட்டுப் போயிருந்தான்; அவள்தான் எடுத்து வந்திருந்தாள்.

“யோவ்! மருந்தையாவது வாங்கிக்கினு போய்யா!”

இருமல் சத்தம் இன்னும் தள்ளிப் போனது.

அவள் மருந்தைப் பாறை இடுக்கில் வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள். நோட்டீஸையும் வீட்டில் இருந்த மற்றத் தாள்களையும் சேர்த்து மடித்து இடுப்பில் சொருகினாள். முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். இன்றைக்குக் கடைசித் தேதி.

*

கள்ளக்குறிச்சிக்கு அவள் இறங்குவது இது மூன்றாவது தடவை.

முதல் தடவை வளைவு வளைவாக மலையிறங்கி, கச்சிராயபாளையத்தில் பஸ் பிடித்து, டவுன் வெயிலில் விசாரித்து விசாரித்து வரி ஆபீஸைக் கண்டுபிடித்தபோது சாப்பாட்டு நேரம். சாப்பாடு முடிந்து வந்தவர், “சம்பந்தப்பட்ட ஆளைக் கூட்டிக்கினு வாம்மா” என்றார். இரண்டாவது தடவை வேறொருவர் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கம்பெனி அட்ரஸ் மேற்கே வேற ஜில்லாவுல இருக்குது. இது எங்க சரகம் இல்ல. அங்க போங்க” என்றார். அங்கே என்றால் எங்கே என்று கேட்டதற்கு அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். அந்தப் பக்கம் ஒரு பரோட்டா கடைதான் இருந்தது.

இன்றைக்கு அதே ஜன்னல். அதே ஆள். பேனா மூடியைக் காதில் விட்டுக் குடைந்துகொண்டிருந்தார்.

“இன்னாம்மா, மறுபடியுமா? உங்க வூட்டுக்காரர் எங்க?”

“வரமாட்டேன்றாரு சார்.”

“ஏன்?”

“ஓடிட்டாரு.”

பேனா காதிலிருந்து வெளியே வந்தது. ஒரு தாளை இழுத்தார். “ஓடிட்டாரா? சரி. அப்ப ‘தலைமறைவு’ன்னு எழுதிடறேன்.”

ராணியம்மாள் அவர் கையையே பார்த்தாள். தாள். பேனா. அதில் புருஷன் பேர். பக்கத்தில் அந்த வார்த்தை. பூமாலைக்கும் இப்படித்தான் ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியிருப்பான்!

“ஓடலை சார்! ஓடலை! கடுக்காய் பொறுக்கப் போயிருக்காரு! காட்டுல! நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன்!”

அவள் போட்ட கூச்சலில் உள்ளறைக் கதவு திறந்தது. வழுக்கைத் தலையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருவர் எட்டிப் பார்த்தார். பெயர்ப்பலகையில் அரங்கநாதன், வரி அலுவலர்.

“என்னய்யா சத்தம்? உள்ள வாங்கம்மா.”

உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நோட்டீஸை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். மூன்று நடையில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். ராணியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். தலைமறைவைத் தவிர.

“உங்க வீட்டுக்காரர் ஆதார், பான் கார்டை வெச்சு எவனோ கம்பெனி ஆரம்பிச்சிருக்கான். போலி பில் போட்டு வரியைச் சுருட்டிட்டு இவர் தலையில கட்டிட்டான். ஆதார் நகலை யாருக்காவது கொடுத்தாரா?”

“போன வருசம் கடன் தரோம்னு ஒரு வேன் வந்துச்சு சார். ஊரே குடுத்துச்சு. கடனும் வரல, வேனும் வரல.”

அரங்கநாதன் பெருமூச்சு விட்டார்.

“அப்ப அழிச்சிடுங்க சார். பேரை அழிச்சிடுங்க.”

“அம்மா, நான் உங்களை நம்பறேன். ஆனா நான் நம்பறேன்னு சொல்றதுக்கு இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன் இல்ல. நோட்டீஸ் போட்டது வேற ஆபீஸ். மனு எழுதிக் கொடுத்தா அனுப்பி வைப்பேன். அது போய்ச் சேர நாளாகும். இன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள விளக்கம் பதிவாகலன்னா அவங்க உத்தரவே போட்டுடுவாங்க. விளக்கத்தை அந்தக் கம்பெனியோட கணக்குக்குள்ள போய்த்தான் போடணும்.”

“அந்தக் கணக்கு யாருகிட்ட இருக்குது?”

“அவன்கிட்டதான்.”

“திருடங்கிட்டயா?”

“ம்.”

“திருடனைப் போயி, ‘ஐயா, நீ திருடினதா எழுதணும், கொஞ்சம் கதவத் தொற’ன்னு கேக்கணுமா சார்?”

அரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், “எதிர்ல ஜெராக்ஸ் கடையில அம்சவள்ளின்னு ஒரு பொண்ணு இருக்கு. கெட்டிக்காரி. பாஸ்வேர்டை மாத்த முடியுதான்னு பாருங்க. விளக்கம் மட்டும் உள்ள விழுந்துட்டா அந்த ஆபீஸுக்கு நானே போன் பண்ணிப் பேசறேன். ஓடுங்க” என்றார்.

*

அம்சவள்ளி நைனார்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கடை திறக்கிறவள். ஒரே நேரத்தில் ஜெராக்ஸ் எடுப்பாள், போட்டோவுக்கு லேமினேஷன் போடுவாள், வாடிக்கையாளரைத் திட்டுவாள். நோட்டீஸைப் பார்த்ததும் காத்திருந்த கூட்டத்தைக் கையால் ஒதுக்கினாள்.

“அக்கா, உக்காருங்க. இவங்களுக்கெல்லாம் இன்னா அவசரம், ஜெராக்ஸ்தான... நாளைக்கி எடுத்துக்கலாம்.”

“எம்மா, நான் காலையிலேருந்து நிக்கறேன்” என்றார் ஒரு பெரியவர்.

“நின்னா காலுக்கு நல்லது தாத்தா.”

விசைப்பலகை படபடத்தது. கம்பெனி நம்பரைப் போட்டாள். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா’ என்று கேட்ட இடத்தில் தட்டினாள். திரையில் ஒரு வரி வந்தது.

“பதிவு பண்ணின செல்லுக்கு ஓ.டி.பி. அனுப்பறேன்னு சொல்லுது. அந்த செல்லு அவன்கிட்ட இருக்கும். அவ்ளோதான்க்கா, முடிஞ்சது கதை.” சலித்துக்கொண்டே திரையைப் படித்தாள். “கடைசி நாலு நம்பர் மட்டும் காட்டுது. நாலு, ஒண்ணு, ஏழு, ஏழு.”

ராணியம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“இன்னா சொன்ன? மறுபடி சொல்லு!”

“நாலு ஒண்ணு ஏழு ஏழு.”

“அது எங்க மரத்து நம்பரு!”

“மரத்துக்கு நம்பரா?”

“ஆமா! பலாமரம்!”

ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெராக்ஸ் மெஷின்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

பலாப்பாறையில் செல்போன் டவர் எடுக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். கரடிப்பாறைக்குக் கீழே நிற்கிற பலாமரம். மூக்கன் தன்னுடைய பட்டன் போனை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மழை படாமல், அந்த மரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். ஊருக்கே அதுதான் போன். ரேஷன் கார்டா, பேங்கா, கேஸ் சிலிண்டரா, பள்ளிக்கூடமா, ஆதாரா... எவர் கேட்டாலும் ஊரே அந்த ஒரே நம்பரைத்தான் கொடுக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது மனப்பாடம். மணி அடித்தால் அந்த வழியாகப் போகிறவர் எடுப்பார். மாடு மேய்க்கிறவரோ விறகு பொறுக்குகிறவரோ, யாராக இருந்தாலும் சரி. எதிர்முனை நம்பர் கேட்டால், வந்திருக்கிற நம்பரைப் படித்துச் சொல்லுவார். உதவிதானே!

அம்சவள்ளி தலையில் கை வைத்தாள்.

“அக்கா... அவன் புது சிம் வாங்கற வேலையே வெச்சிக்கல. ஆதார்ல இருந்த உங்க மரத்தையே போட்டுக்கினு, வேணும்றப்ப போன் பண்ணி ஓ.டி.பி. கேட்டிருக்கான். நீங்களும் சொல்லியிருக்கீங்க. ஊரே சேந்து கதவத் தொறந்து விட்டிருக்கீங்க!”

“அப்ப இப்ப நம்ம கேட்டா?”

அம்சவள்ளியின் கண் பளிச்சென்றது. “நமக்கும் தொறக்கும்! ஆனா ஒண்ணு. அவன் மெயிலுக்கும் தகவல் போகும். அவன் முழிச்சிக்கறதுக்குள்ள உள்ள பூந்துடணும். ஓ.டி.பி.யும் பத்து நிமிசத்துல செத்துடும். மரத்தடியில இப்ப யாரு இருப்பா?”

ராணியம்மாளின் முகம் விழுந்தது. பக்கத்து ஊரில் கல்யாணம். மூக்கன் கடையைச் சாத்திவிட்டுப் போயிருப்பான். ஊரே போயிருக்கும்.

அம்சவள்ளி தன் போனில் அடித்துப் பார்த்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. நின்றது.

“யாரும் இல்லக்கா.”

“இருக்காரு” என்றாள் ராணியம்மாள் மெதுவாக. “எடுக்க மாட்டேன்றாரு. குடு, நான் அடிக்கறேன்.”

மரத்து போனுக்கு ஊரில் ஒரு கணக்கு உண்டு. குடகு காப்பித் தோட்டத்துக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள், எந்த வீட்டுக்குப் பேசவேண்டுமோ அந்த வீட்டின் மணியை அடிப்பார்கள். ஒரு மணி அடித்து நிறுத்தினால் மூக்கன் வீடு. இரண்டு என்றால் சத்துணவு பாவாயி வீடு. மூன்று அடித்து நிறுத்தி, மறுபடி மூன்று அடித்தால் கண்ணுசாமி வீடு. இது போலீசுக்குத் தெரியாது. வரி ஆபீசுக்குத் தெரியாது. கம்பெனி ஆரம்பித்தவனுக்கும் தெரியாது.

மூன்று. கட். மூன்று. கட். மறுபடியும் அடித்தாள்.

மணி போனது. போனது. கடையில் இருந்த அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

எடுக்கப்பட்டது.

பேச்சு இல்லை. மூச்சு மட்டும். உடைந்த புல்லாங்குழல்.

“யோவ்... மருந்து உறிஞ்சினியா?”

ஒரு இருமல். பிறகு, “ம்.”

ராணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள் அம்சவள்ளி. அதே நேரத்தில் விசையையும் தட்டினாள். “அனுப்பிட்டேன்க்கா. இப்ப வரும். படிக்கச் சொல்லுங்க.”

“இந்தாய்யா, அந்தப் போன்ல ஒரு நம்பரு வரும். மரவள்ளி எடைச்சீட்டு பாப்பியே, அந்த மாதிரி பாத்து ஒண்ணொண்ணாச் சொல்லு.”

“மாட்டேன்.”

“இன்னாது?”

“மாட்டேன். நம்பரு சொல்லித்தான் இந்தக் கதி.” அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். “ராணி... அன்னிக்கி போன் எடுத்தது நான்தான். ‘கடன் ஆபீஸ்ல இருந்து பேசறோம், நம்பரைச் சொன்னா பணம் வந்துடும்’னான். நான்தான் சொன்னேன். கேக்கறப்பல்லாம் சொன்னேன். உங்கிட்ட சொல்லல. வூட்டுக்கு ஓடு போட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். தாள்ல பேரு சும்மா ஏறல. நானே ஏத்திக்கினேன்.”

ராணியம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. இவன் ஓடியது பயத்தில் மட்டும் இல்லை. தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான், நனைந்துகொண்டு, பட்டினியாக.

“அக்கா, நேரம் ஓடிக்கினு இருக்குது” என்று கிசுகிசுத்தாள் அம்சவள்ளி.

“யோவ், அவன் திருடன்யா. நான் உம்பொண்டாட்டி. எனக்குச் சொல்லு.”

“நீ ராணிதான்னு நான் எப்பிடி நம்பறது?”

“இன்னா?!”

“இப்பல்லாம் கொரல மாத்திப் பேசறானுங்களாம். மூக்கன் சொன்னான். நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணு சொல்லு. அப்பறம் சொல்றேன்.”

ராணியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். ஜெராக்ஸுக்கு வந்த பெரியவர். இரண்டு காலேஜ் பையன்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண். வாசலில் வேடிக்கை பார்க்கிற ஆட்டோக்காரர். எல்லார் காதும் இந்தப் பக்கம்தான்.

“இங்க ஆளுங்க இருக்காங்கய்யா.”

“அப்ப நீ ராணி இல்ல.”

“வெச்சிடாத! வெச்சிடாத! சொல்றேன்!” அவள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு, போனருகே குனிந்து, கடகடவென்று சொன்னாள். “நம்ம கல்யாணத்தன்னிக்கி நீ கட்டிக்கினு இருந்தது உன் வேட்டி இல்ல. உங்கண்ணன் பூமாலை வேட்டி. பின்னாடி எலி கடிச்ச ஓட்டை. அதுக்குத்தான் பந்தக்கால்ல முதுகை ஒட்டிக்கினே நின்ன. பெரியவங்க கால்ல வுழுன்னு சொன்னப்ப வுழவே மாட்டேன்னு அடம் புடிச்ச. எங்க மாமன் அதைத் திமிருன்னு நெனச்சிக்கினு சண்டைக்கி வந்தாரு. இன்னிக்கி வரைக்கும் உன்கூடப் பேசறதில்ல!”

ஆட்டோக்காரர்தான் முதலில் ஆரம்பித்தார். பிறகு பெரியவர். கைக்குழந்தை மிரண்டு அழ, கடையே குலுங்கியது.

போனுக்குள்ளிருந்தும் ஒரு சத்தம். இருமலா, சிரிப்பா? இரண்டும்தான். நாலு நாளைக்கப்புறம் கண்ணுசாமி சிரிக்கிறான்.

“எழுதிக்கோ” என்றான். “ஆறு... சைபர்... மூணு...”

அம்சவள்ளியின் விரல்கள் பறந்தன. கடைசி எண்ணைத் தட்டினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. இந்த வட்டத்துக்குக் கருணையே கிடையாது.

பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது.

“தொறந்துடுச்சுக்கா!”

உள்ளே திருடன் அலமாரியைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போயிருந்தான். கம்பெனிக் கட்டிடத்துக்கு வாடகை ஒப்பந்தம். அதன் அடியில் ‘கண்ணுசாமி’ என்று இங்கிலீஷில் சுழித்துச் சுழித்து ஒரு கையெழுத்து.

“ஐயே, இவ்ளோ அழகா எங்கூட்டுக்காரரு எழுதினா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்? அவருக்குக் கைநாட்டுதான்!”

“அதையேதான் எழுதப்போறேன்” என்றாள் அம்சவள்ளி. கைநாட்டு வைத்த ரேஷன் கார்டு நகல், பேங்க் புத்தகம், சாமையும் மரவள்ளியும் போட்டிருப்பதாகக் கிராம நிர்வாக அலுவலர் முன்பு கொடுத்திருந்த சான்று... ராணியம்மாள் இடுப்பில் சொருகி வந்திருந்ததெல்லாம் ஸ்கேன் ஆகி உள்ளே போயின. விளக்கம் தயார்.

“இத அனுப்ப இன்னொரு ஓ.டி.பி. வரும்க்கா.”

“இன்னொண்ணா!” ராணியம்மாள் போனைப் பார்த்துக் குனிந்தாள். “யோவ், இன்னொரு நம்பரு வருது. அதுக்கு வேற ஒரு ரகசியம் சொல்லட்டுமா?”

“வேணாம்! வேணாம்!” என்று அலறினான் கண்ணுசாமி. நம்பர் வந்த வேகத்தில் படித்தான்.

விளக்கம் உள்ளே விழுந்தது. மெஷின் ஒரு தாளைத் துப்பியது. அம்சவள்ளி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓட்டமாகச் சாலையைக் கடந்தாள். பின்னால் ராணியம்மாள். அவளுக்குப் பின்னால், காரணமே இல்லாமல், ஆட்டோக்காரர்.

*

அரங்கநாதன் தாளைப் படித்தார். போனை எடுத்தார். மேற்கே இருந்த அந்த ஆபீஸில் யாரோ எடுத்தார்கள், யாருக்கோ கொடுத்தார்கள், அவர் இன்னொருவருக்குக் கொடுத்தார். அரங்கநாதன் குரலை உயர்த்தவில்லை, ஆனால் வைக்கவும் இல்லை. “நான் லைன்லயே இருக்கேன்... பரவாயில்ல, இருக்கேன்... வாடகை ஒப்பந்தத்துக் கையெழுத்தை மட்டும் பாருங்க சார். அந்த ஆளுக்குக் கைநாட்டு.” ஒரு டீ ஆறிப்போயிற்று. கடைசியில் தன் கம்ப்யூட்டர் திரையை ராணியம்மாள் பக்கம் திருப்பினார்.

“கம்பெனியை நிறுத்தி வெச்சுட்டாங்க. இனிமே உங்க வீட்டுக்காரர் பேர்ல ஒரு பைசா பில் போட முடியாது. பணத்துக்கு அவரைத் தேடி யாரும் வரமாட்டாங்க. போலீஸ்ல ஒரு புகார் கொடுக்கணும், விசாரணைன்னு ஒண்ணு ரெண்டு தடவை வரவேண்டியிருக்கும். பேர் முழுசா எடுபடறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும். ஆனா எடுபட்டுடும்.”

ராணியம்மாளுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதி போதும்போல இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

“சார், இதை அவருகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனப்பாரு.”

“நம்பர் சொல்லுங்க.”

“அப்பிடியே அடிச்சா எடுக்க மாட்டாரு சார். மூணு அடிச்சி நிறுத்துங்க. மறுபடி மூணு. அப்பறம் அடிங்க.”

வரி அலுவலர் அரங்கநாதன் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு மூன்று அடித்து நிறுத்தினார். மறுபடி மூன்று அடித்து நிறுத்தினார்.

“கண்ணுசாமி? நான் வரி ஆபீஸ்ல இருந்து பேசறேன். உங்க மேல இனிமே ஒண்ணும் இல்ல. தைரியமா வீட்டுக்குப் போங்க.”

மறுமுனையில் சந்தேகமான குரல்.

“நீங்க வரி ஆபீஸுதான்னு நான் எப்பிடி நம்பறது?”

அரங்கநாதன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். இருபத்தைந்து வருஷ சர்வீஸில் அவர் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி அது. ராணியம்மாள் பாய்ந்து போனை வாங்கினாள்.

“யோவ்! அவருகிட்டயெல்லாம் ரகசியம் கேக்காத! அவரு நெசமான ஆபீசரு. நான் எதிர்லதான் நிக்கறேன். மரத்தடிக்கே வந்து உக்காரு. கடைசி பஸ்ல வந்துடறேன்.”

வெளியே வந்தபோது ஜன்னல்காரர் பேனாவோடு நிமிர்ந்தார். “இன்னாம்மா, கடுக்காய் பொறுக்கி முடிச்சாச்சா?”

“ஆச்சு சார். ரெண்டு கொண்டாந்து தரேன். வயித்துக்கு நல்லது.”

படியிறங்கியதும் அம்சவள்ளி அவள் கையைப் பிடித்தாள். “அக்கா, ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கோங்க. அவன் மெயில் பாப்பான். கதவு மூடிக்கினது தெரிஞ்சதும் மறுபடி மரத்துக்குத்தான் போன் பண்ணுவான்.”

*

பஸ் கோமுகி அணையைத் தாண்டி மலையேறும்போது தூறல் விட்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ராணியம்மாளின் நெஞ்சில் இருந்து ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டே வந்தது. நாலு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் கூச்சப்படாமல் கடலை வாங்கித் தின்றாள்.

பலாமரத்தடியில் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கண்ணுசாமி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேரில் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, தாடி முளைத்து, ஒரு கையில் உறிஞ்சுகிற மருந்து, மறு கையில் மூக்கன் கொடுத்த டீ. மூக்கன் கல்யாணத்திலிருந்து வந்து, கடையைத் திறந்ததும் முதல் டீயை இங்கேதான் கொண்டுவந்திருந்தான்.

“வாம்மா தங்கச்சி. உன் முதலாளி டீக்கு இன்னும் காசு குடுக்கல.”

அவள் புருஷனைப் பார்த்தாள். திட்டுவதற்கு பஸ்ஸில் நிறைய சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள்.

“ஓடு போடலாம்னு பாத்தியா?”

“ம்.”

“மழைக்குக் காட்டுல போயி உக்காந்தியே, அது மட்டும் ஒழுகலையா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான்.

அப்போது கிளையில் தொங்கிய டப்பாவுக்குள் மணி அடித்தது.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நிற்கவில்லை. நாலு. ஐந்து. எந்த வீட்டு மணியும் இல்லை. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

ராணியம்மாள் கையை நீட்டினாள். கண்ணுசாமி தடுத்தான். டீயைக் கீழே வைத்தான். எழுந்து, டப்பாவைத் திறந்து, போனைக் காதில் வைத்தான். எதிர்முனைக் குரல் தேன் மாதிரி இருந்தது. கடன் ஆபீஸ். ஒரு சின்னப் பிரச்சினை. இப்போது ஒரு நம்பர் வந்திருக்குமே, அதைக் கொஞ்சம் படித்துச் சொன்னால்...

“சொல்றேன் சார்” என்றான் கண்ணுசாமி மரியாதையாக. “அதுக்கு முன்ன ஒண்ணு நீங்க சொல்லுங்க. என் கல்யாணத்தன்னிக்கி நான் யாரு வேட்டி கட்டிக்கினு இருந்தேன்?”

எதிர்முனை திணறியது. “என்னது? ஹலோ? வேட்டியா?”

“தெரியாதா? அப்ப நீங்க நம்ம ஆளு இல்ல.”

போனை அணைத்து, டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கினான். மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது. கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கொடுவாளை எடுத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தான். அவன் பாறையிலிருந்து கொண்டுவந்திருந்த தூக்குவாளியோடு ராணியம்மாள் பின்னால் போனாள்.

மூக்கனுக்குத் தாங்கவில்லை. மரத்தடியிலிருந்து கத்தினான்.

“டேய் கண்ணு! யாரு வேட்டிடா?”

கண்ணுசாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அத உனுக்கு எதுக்குச் சொல்லணும்? நீ இன்னா என் பொண்டாட்டியா?”